வியர்த்தால் மட்டும் போதாது

வெள்ளவத்தையில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். வரும் பிள்ளைகளில் பலர் தொடர்மாடிகளில் வளர்கிறவர்கள், ஓடுவதற்கு எங்கள் சின்ன முற்றம்தான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதனால், எழுத்துப் பயிற்சிக்காக முற்றத்து நேரத்தைக் குறைக்கச் சொல்லும் பெற்றோரிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் என்ற, பிறப்பிலேயே வரும் மரபணு மாற்றம் உள்ள பையன் ஒருவன் எங்களிடம் படிக்கிறான், மூன்று சில்லு சைக்கிளில் ஏறினால் இறங்கவே மாட்டான். நல்லாக வியர்க்கும், கால் தசைகளுக்கும் நல்லது, சரி. ஆனால் அவன் சுற்றிச் சுற்றி வரும்போது மற்றவர்கள் மூலையில் கடை வைத்து விளையாடுகிறார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் தனித்தனியே விளையாடுவதையும் சேர்ந்து விளையாடுவதையும் 1932இலேயே மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரித்துக் காட்டியிருக்கிறார். தனியாக விளையாடுவதில் குறையே இல்லை, எல்லாப் பிள்ளைகளும் அப்படி விளையாடுவார்கள்தான், ஆனால் மற்றவர்களுடன் சேர வழியில்லாமல் ஒரு பிள்ளை மட்டும் எந்நாளும் தனியே இருந்தால் எனக்கு மனம் பொறுக்காது.

பழைய பெட்ஷீட் ஒன்று அதை மாற்றியது. நடுவில் பந்து, சுற்றிவர ஓரத்தைப் பிடித்தபடி பிள்ளைகள். ஒருவர் விட்டாலும் பந்து விழுந்துவிடும், அதனால் யாரையும் விட்டுவிட்டு விளையாட முடியாது. வோக்கர் பிடித்து நடக்கும் சிறுமி கதிரையில் இருந்தபடி ஒரு ஓரத்தைப் பிடித்து எல்லோரையும் விடப் பலமாக உதறுவாள். குட்டிக்கரணம் மட்டும் எங்கள் முற்றத்தில் கிடையாது, டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்ந்திருக்கும், டாக்டரிடம் கேட்காமல் அதை விளையாட விடக் கூடாது.

இன்னொன்று, கூடவே ஒட்டி நிற்கும் பெரியவர். இப்படியான ஒரு பிள்ளையின் உதவிக்கு ஒருவர் பக்கத்திலேயே நின்றால் மற்றப் பிள்ளைகள் அவரிடம்தான், "ரீச்சர், இவனுக்குப் பந்து வேணுமா?" என்று கேட்பார்கள். அவர் இரண்டு எட்டுத் தள்ளி நின்றால் அதே கேள்வி நேரே அவனிடம் போகும். விழுந்துவிடுவானோ என்ற தாய்மாரின் பயம் எனக்கு விளங்குகிறது, கைக்கெட்டும் தூரத்தில்தானே நிற்கிறோம் என்று சொல்லிச் சொல்லித்தான் அதைக் குறைக்க முடியும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட இடம் வேண்டும் என்று சொல்லும் ஐநா சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. முன்பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தர நினைப்பவர்கள் இன்னொரு சைக்கிள் வாங்க வேண்டாம். இரண்டு பேர் ஏறினால்தான் ஆடும் சாமான் எதையாவது, முதுகுக்குச் சாய்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.