அந்த மாத்திரைக்கு முன்னால் சர்க்கரையையும் பிரஷரையும் பாருங்கள்

ஒரு தடவை விறைப்பு வரவில்லை என்றாலே பல ஆண்கள் ‘போச்சு, நம்ம கதை முடிந்தது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்புறம் மனைவி தூங்கிய பிறகு போனை எடுத்துத் தேடுவது, தேடிய மறுநாளிலிருந்து லேகியம், எண்ணெய், குதிரைப் படம் போட்ட டப்பா என்று விளம்பரமாக வந்து கொட்டுவது, அதில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் வரவழைப்பது. கடைசியாகச் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் மட்டும் ‘அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’ என்பார்கள். நிறையவே சம்பந்தம் இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். இந்தக் கேள்விகள் முதலில் வருவது என்னிடம்தான், அதுவும் மிக மெல்லிய குரலில்.

விறைப்பு என்பது அடிப்படையில் ரத்த ஓட்டம். ஆணுறுப்பின் நீளத்துக்கு இரண்டு பஞ்சு போன்ற திசுக்கள் இருக்கின்றன. மூளையிலிருந்தோ தொடுதலிலிருந்தோ தூண்டல் வந்ததும், அங்கிருக்கும் நரம்பு முனைகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடும், அதனால் உள்ளே இருக்கும் தசை தளரும், ரத்தம் பாய்ந்து நிறையும், நிறைந்த திசு வடிகால் சிரைகளை அழுத்திக்கொள்வதால் ரத்தம் உடனே வெளியேற முடியாது. தசை தளர்ந்தால்தான் உறுப்பு விறைக்கும்! நைட்ரிக் ஆக்ஸைடு உடலில் இப்படித் தகவல் கொண்டுபோகும் வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் சில்டெனாஃபில், அதாவது வயாகரா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் அதை இதய வலிக்காகத்தான் சோதித்துப் பார்த்தார்கள், சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் வேறொரு ‘பக்க விளைவை’ச் சொன்ன பிறகுதான் கதை திரும்பியது.

அதற்கு முன்பெல்லாம் இது பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்டது என்றே டாக்டர்களும் நினைத்தார்கள். 1983-இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீர்ப்பாதை மருத்துவ (யூராலஜி) மாநாட்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜைல்ஸ் பிரிண்ட்லி, தசையைத் தளர்த்தும் மருந்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, ஆசை எதுவும் இல்லாமலே விறைப்பு வரும் என்பதை அத்தனை பேர் முன்னால் பேண்ட்டை இறக்கிக் காட்டினார். துணிச்சல் என்பதா வேறு என்ன என்பதா தெரியவில்லை, ஆனால் சொல்ல வந்ததைச் சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டார்.

சரி, ரத்தக் குழாய்க்கு வருவோம். ஆணுறுப்புக்குப் போகும் தமனிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்தின் தமனிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் எல்லாம் உடம்பில் உள்ள எல்லாக் குழாய்களையும்தான் கெடுக்கும், ஆனால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் சிலருக்கு நெஞ்சு வலி வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே விறைப்பில் கோளாறு தெரிந்துவிடுகிறது. நாற்பது தாண்டியவருக்குப் படிப்படியாக விறைப்பு குறைகிறது என்றால் நான் அதை இதயத்திலிருந்து வந்த கடிதமாகத்தான் பார்ப்பேன். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியான ஆய்வில் 52 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாகவோ முழுமையாகவோ இந்தப் பிரச்சினை இருந்தது.

உடம்பா மனசா என்று ஓரளவு ஊகிக்க ஒரு வழி உண்டு. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஒரே இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். காலையில் கண் விழிக்கும்போது இருப்பது அதில் கடைசி. அது வழக்கம்போல வருகிறது, தனியாக இருக்கும்போதும் சரியாக இருக்கிறது, துணையுடன் மட்டும் கைவிடுகிறது என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, குறுக்கே நிற்பது பதற்றம். பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கும், அது தளர வேண்டிய தசையை இறுக்கும். தூக்கம் வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்தால் தூக்கம் வருமா? இதுவும் அப்படித்தான். காலை விறைப்பும் சில மாதங்களாகவே இல்லை என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் நான் தருவதில்லை, அதற்காகத் திட்டும் வாங்குகிறேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தலைவலி மாத்திரை வாங்கிவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மா போகும்வரை இருமல் மருந்து அட்டைகளைப் படித்துக்கொண்டே நின்றார். அப்புறம் போனைத் திருப்பித் திரையில் இருந்த பெயரைக் காட்டினார், வாயால் சொல்லவில்லை. “நெஞ்சு வலிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா சார்?” என்றேன். “அதெல்லாம் இல்ல தம்பி.” கொஞ்சம் விட்டு, “எப்பவாவது வலிச்சா நாக்குக்கு அடியில ஒண்ணு வைப்பேன், அதையெல்லாம் மாத்திரைன்னு சொல்ல முடியுமா?”

அதுதான் நைட்ரேட். அதனுடன் சில்டெனாஃபில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த டடாலஃபில் எடுத்து 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. இந்த மாத்திரை எடுத்த பிறகு நெஞ்சு வலித்தால் மருத்துவமனையில் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுங்கள், மானம் பார்க்கிற நேரமில்லை அது. மூலிகை மட்டும்தான் என்று விற்கப்படும் ‘பவர்’ மாத்திரைகளில் அட்டையில் சொல்லாமல் சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

டாக்டர் எழுதிக்கொடுத்தும் ‘வேலை செய்யவில்லை’ என்று வருகிறவர்களில் சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு சில்டெனாஃபிலைப் போட்டுக்கொண்டு சும்மா காத்திருந்தவர்கள். கொழுப்பான சாப்பாடு அதன் வேலையைத் தாமதப்படுத்தும். தூண்டலும் வேண்டும், ஏனென்றால் இந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது, ஆசை வந்த பிறகு வழியை மட்டும் திறந்து வைக்கும். இன்னொன்று, பிரஷருக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில மருந்துகளும் விறைப்பைக் குறைக்கலாம். அப்படித் தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடமே சொல்லுங்கள், பெரும்பாலும் மாற்று இருக்கும்.

விந்து சீக்கிரம் வருகிறது என்பது அடுத்த பெரிய கவலை. எது சீக்கிரம்? ஐந்து நாடுகளில் சுமார் 500 ஜோடிகளிடம் நிறுத்தக் கடிகாரம் கொடுத்து அளந்த ஆய்வு ஒன்று 2005-இல் வந்தது. உறவு தொடங்கியதிலிருந்து விந்து வெளியாகும்வரை ஆன நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 5.4 நிமிடம். அரை மணி நேரம் என்பதெல்லாம் வெட்டி ஒட்டிய வீடியோக்களின் கணக்கு. முதல் அனுபவத்திலிருந்தே எப்போதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, அது மனதை வருத்துகிறது என்றால்தான் அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலை என்கிறார்கள். நன்றாக இருந்துவிட்டு இடையில் மூன்று நிமிடத்துக்கும் கீழே குறைந்திருந்தாலும் போய்ப் பார்க்கலாம். நிறுத்தித் தொடங்கும் பயிற்சி, மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே, டபாக்ஸெட்டின் மாதிரி மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன.

அளவு பற்றி நீட்ட விரும்பவில்லை. 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவீடுகளைச் சேர்த்து 2015-இல் வெளியான தொகுப்பில் விறைத்த நிலையில் சராசரி 13.12 சென்டிமீட்டர். மேலிருந்து குனிந்து பார்ப்பதால் நம்முடையது எப்போதும் சின்னதாகத்தான் தெரியும். நீளமாக்கும் எண்ணெய் என்று ஒன்று கிடையாது.

சுய இன்பத்தால் நரம்பு தளராது, ரத்தம் குறையாது, எலும்பு தேயாது. விந்துவில் உயிரணுக்கள் சில சதவீதம்தான், மீதியெல்லாம் சுரப்பிகளின் திரவம், உடல் நிற்காமல் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. ஆண்மைக்கு என்று யார் சொல்லியோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களிடம் மட்டும் எனக்குக் கோபமே வருகிறது. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் உள்ளே விந்தணு உற்பத்தி குறையும், சிலருக்கு நின்றேவிடும். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் போடவே கூடாதது அது. குறைவாக இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் காலை நேரத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள், ஒரு முறை குறைவாக வந்தால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்வார்கள்.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கினால், ‘எனக்கு இத்தனை மாதமாக விறைப்பு சரியில்லை, காலையில் வருகிறது’ அல்லது ‘வருவதில்லை, இன்னின்ன மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தேவையானதில் பாதி அதிலேயே வந்துவிடும். முடிந்தால் துணையையும் கூட்டிப் போங்கள், நீங்கள் சொல்லாததை அவர் சொல்வார்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் அப்பாயின்ட்மெண்ட் எல்லாம் பார்க்காதீர்கள். நான்கு மணி நேரம் ஆகியும் இறங்காத விறைப்பு ஒன்று, திடீரென்று ஒரு பக்க விதையில் வரும் கடும் வலி மற்றொன்று. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம், நள்ளிரவானாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.