ஒல்பியாவின் டால்பின் காசு: வார்த்துப் பார்த்த வரையில்

ஒல்பியாவின் டால்பின் காசை வெண்கலத்தில் வார்க்கும் வேலை ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டது. மூக்கிலிருந்து வால் நுனி வரை முழுதாக விழும் வார்ப்புகள் இப்போது கிடைக்கின்றன. இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

கருங்கடலின் வடகரையில், தெற்கு பூக் ஆற்றின் கழிமுகத்தில், மிலேட்டஸ் நகரத்துக் கிரேக்கர்கள் கிமு 6ஆம் நூற்றாண்டில் அமைத்த துறைமுகம் ஒல்பியா. இன்று அந்த இடம் உக்ரைனின் மிகோலாயிவ் மாகாணத்தில் இருக்கிறது. பக்கத்துப் புல்வெளிகளில் வாழ்ந்த சித்தியர் என்ற மக்களின் நிலத்திலிருந்து வந்த தானியம் இந்தத் துறை வழியாக ஏற்றுமதியானது. மற்ற கிரேக்க நகரங்கள் வட்ட வில்லையில் முத்திரை அடித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊர்க்காரர்கள் சின்ன டால்பின்களை வெண்கலத்தில் வார்த்துக் காசாகப் புழங்கினார்கள். நகரம் வணங்கிய அப்பல்லோவின் பெயர்களில் ஒன்று டெல்ஃபினியோஸ். டால்பின் அவருக்கு உரியது.

அசல் டால்பின் காசுகள் விலைக்குக் கிடைக்கின்றன. பல, எங்கே தோண்டியது என்ற விவரமே இல்லாமல் வருகின்றன. களவாகத் தோண்டி எடுத்த காசு எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பது அத்தோடு போயிற்று. அதனால் நான் வாங்குவதில்லை. அருங்காட்சியகப் படங்களைப் பார்த்து நானே செய்கிறேன்.

முதலில் கடின மெழுகில் சுமார் 3 செ.மீ நீளத்துக்கு உருவைச் செதுக்கினேன். ஒரு பக்கம் புடைப்பு, முதுகில் துடுப்பு, கண்ணுக்கு ஒரு புள்ளி, மறுபக்கம் தட்டை. எண்ணெய் கலந்த வார்ப்பு மண்ணில் உருவை அழுத்தி, இரண்டு பாதி அச்சாகப் பிரித்து எடுத்தேன். ஒரே வாய்க்காலில் பல டால்பின்கள் வரிசையாக வரும்படி அமைத்தேன். உலோகம் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். செம்பு மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், நன்றாக உருகி, மேலே வெங்காரம் தூவிய பிறகுதான் வெள்ளீயத்தைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் பாதி கசடாகிப் போகும்.

நேரம் பிடித்தது வால்தான். உடம்பு தடிப்பு, வால் மெலிசு. குழம்பு வாலுக்குப் போய்ச் சேருமுன் இறுகிவிடுகிறது. உள்ளே அடைபட்ட காற்றும் வழிவிட மாட்டேன் என்கிறது. மூசைச் சூட்டை 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோனேன், வால் நுனியிலிருந்து ஊசி கனத்தில் ஒரு காற்றுவழி கீறிவிட்டேன். அடுத்த ஊற்றிலேயே வால் கூர்மையாக விழுந்தது, நுனியில் ஒரு சிறு முனை ஒட்டிக்கொண்டிருந்தது. அசல் காசுகளின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவற்றின் முனைகளிலும் அதேபோன்ற வெட்டுக்கட்டை நிற்கிறது. அரத்தால் தேய்க்கக்கூட அந்தப் பட்டறைக்காரர் நேரம் செலவழிக்கவில்லை. வெண்கலத்தில் காரீயம் சேர்த்தால் குழம்பு இன்னும் இளகி ஓடும். அதன் புகையை வீட்டில் வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது எடை. டால்பின்களின் எடை ஒன்றுக்கொன்று ஒத்துவராததால் அவை காசே அல்ல, காணிக்கைப் பொருள்கள் என்று வாதிடுவோர் உண்டு. என் வார்ப்புகளைத் தராசில் வைத்தேன். ஒரே மெழுகு உருவிலிருந்து வந்தவை 2.1 கிராமிலிருந்து 2.9 கிராம் வரை போகின்றன. அச்சின் இரண்டு பாதிகள் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தின, ஓரத்துப் பிசிறு எவ்வளவு என்பதிலேயே இவ்வளவு மாறுகிறது. ஆக, எடை மாறுவதை வைத்து மட்டும் காசு இல்லை என்று தள்ளிவிட முடியாது. எண்ணிக்கையாக எண்ணிக் கொடுக்கும் சில்லறைக்கு எடை துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சில டால்பின்களில் காணும் 'அரிகோ' என்ற எழுத்து, அதே நகரம் வார்த்த பெரிய வட்டக் காசுகளிலும் சுருக்கமாக வருகிறது. என் வரையில் இது காசுதான்.

தன் வெண்கலத்தை இந்த நகரம் எவ்வளவு அக்கறையாகக் காத்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. கிமு 4ஆம் நூற்றாண்டில் கனோபஸ் என்பவர் முன்மொழிந்த தீர்மானம், ஊருக்குள் வாங்குவதும் விற்பதும் ஒல்பியாவின் வெண்கலத்திலும் வெள்ளியிலும்தான் நடக்க வேண்டும் என்கிறது. வெளிக்காசு கொண்டுவருபவர் மக்கள் மன்றத்தில் இருந்த கல்லின் மேல் வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். மீறினால் பொருளோ பணமோ பறிமுதல். கப்பல்காரர்கள் ஊர் வந்து சேருமுன்பே தெரிந்துகொள்ளட்டும் என்று, போஸ்பரஸ் நீரிணையின் வாயில் இருந்த கோயிலில் இந்தத் தீர்மானம் வெட்டிய கல்லை நட்டிருந்தார்கள்.

பின்னால் கஷ்டகாலமும் வந்தது. கிமு 331 வாக்கில் அலெக்சாண்டரின் தளபதி சோபிரியன் நகரை முற்றுகையிட்டபோது, அடிமைகளை விடுவித்து, வெளியூராருக்குக் குடியுரிமை கொடுத்து, கடன்களைத் தள்ளுபடி செய்து ஊர் தாக்குப்பிடித்தது. அடுத்த நூற்றாண்டில் கோயில் பாத்திரங்களையே அதிகாரிகள் நூறு பொற்காசுக்கு அடகு வைத்தார்கள். கடன் கொடுத்தவர் அவற்றை அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோகத் தயாரானபோது, புரோட்டோஜெனிஸ் என்ற செல்வந்தர் பணம் கட்டி மீட்டார். அவரைப் பாராட்டி ஊர் வெட்டிய நீண்ட கல்வெட்டு இருப்பதால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

அடுத்து எடுக்கப்போவது போரிஸ்தெனிஸ் காசு. ஒரு பக்கம் கொம்பும் தாடியும் உள்ள ஆற்றுத் தெய்வம் போரிஸ்தெனிஸ். இன்று நாம் டினீப்பர் என்று சொல்லும் ஆறுதான் அது. மறுபக்கம் கோடாரியும், உறையில் செருகிய சித்திய வில்லும், ஊர்ப்பெயரின் எழுத்துகளும். இது அடித்த காசு, ஆனால் வில்லைகளை வரிசையாக வார்த்துக்கொண்டுதான் முத்திரை குத்தியிருக்கிறார்கள். வில்லைக்கான அச்சு டால்பின் வேலையிலேயே கைவந்துவிட்டது. முத்திரைக்கு வெண்கலத்திலேயே எதிர்மறையாகச் செதுக்கத் தொடங்கியிருக்கிறேன். தெய்வத்தின் தாடி முடிந்தது, கொம்பு பாக்கி.