ஃபோர்மலினில் தொலைந்த மான்கள்

இறுதியாண்டு ஆய்வு காட்டு மான்களின் குடற்புழுவையும் பரம்பரையலகையும் பற்றியது என்று சொன்னதும் அம்மா சிரித்தார். "இவ்வளவு படிச்சுப்போட்டு மான் புழுக்கை பொறுக்கவோ போறாய்?"

வேலை அதுதான். காட்டு மானைப் பிடித்து இரத்தம் எடுக்க எங்களிடம் வசதி இல்லை. புழுக்கையிலேயே இரண்டும் கிடைக்கும்: உள்ளே குடற்புழுவின் முட்டை, வெளியே பளபளக்கும் சளிப்படையில் மானின் குடற்கலங்கள், அதாவது டி.என்.ஏ. அனுமதிக் கடிதம் வர நான்கு மாதம். அதை எழுதினால் இன்னோர் ஆய்வேடு ஆகிவிடும்.

முல்லைத்தீவின் முத்தையன்கட்டுக் குளத்துக்கு அங்கால், விடிய ஐந்தரைக்கே காட்டுக்குள் நிற்போம். வழிகாட்டிய ஐயா பட்டிமாடு வைத்திருப்பவர். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையைக் கண்டால், புழுக்கை ஆவி பறக்கக் கிடந்தாலும் திரும்பிவிடுவார். "தம்பி, அதுக்குள்ள மான் போகும். நீ போகேலாது."

முதல் 31 மாதிரிகளையும் ஃபோர்மலினில் போட்டேன். முட்டை எண்ணுவதற்கு அது நல்லது, டி.என்.ஏயைச் சிதைத்துவிடும். டி.என்.ஏயைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர் சோதனையில் ஒரு கோடுகூட விழவில்லை. இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. அப்புறம் திரும்பவும் காடு. இந்த முறை ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் எதனோலில், மிச்சம் ஐஸ்பெட்டியில்.

3 கிராம் புழுக்கையை 42 மில்லிலீற்றர் நிறைவுற்ற உப்புக்கரைசலில் கரைத்து, வடித்து, முட்டை எண்ணும் இரண்டறை மக்மாஸ்டர் தட்டில் விட்டால் முட்டைகள் மிதந்து மேலே வரும். இரண்டு அறையிலும் காணும் ஒவ்வொரு முட்டையும் கிராமுக்கு 50 என்று கணக்கு. ஒருநாள் அருகருகே கிடந்த இரண்டு குவியல்களில் ஒன்றில் 24 முட்டை, மற்றதில் ஒன்றே ஒன்று. 1,200க்கு 50! ஒரே குளக்கரை, ஒரே புல்.

வயது, குட்டி போட்ட களைப்பு என்று காரணம் பல இருக்கலாம். நான் தேடியது எம்.எச்.சி பரம்பரையலகுகளை. புழுவின் புரதத் துண்டுகளை நோயெதிர்ப்புக்கான ரி கலங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகளை அவைதான் ஆக்குகின்றன. பரம்பரையலகின் எந்த எதிருரு, அதாவது எந்த வடிவம், வாய்த்ததோ அதற்கேற்ப, காட்டும் துண்டும் மாறும். ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டாத் தீவுச் செம்மறிகளில், இந்த வேறுபாடு புழு எதிர்ப்போடும் குட்டிகள் தப்பிப் பிழைப்பதோடும் தொடர்புபட்டதை 1998இல் காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு மிஞ்சியது 19 மாதிரி. அவை 19 மான்கள்தானா என்பதற்கே உத்தரவாதமில்லை. அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதினேன்.

கடைசி நாள் ஐயா ஒரு சொப்பிங் பையை நீட்டினார். "ஒரே பட்டி, ஒரே மேய்ச்சல். இது மட்டும் தேறுதில்லை. இதின்ர சாணியையும் ஒருக்காப் பார் தம்பி."