முராட்டாவுக்கு நான் போட்ட மார்க்

குத்துச்சண்டை பார்க்கிற எல்லோருக்கும் நடுவர்களைத் திட்டத் தெரியும். நாமே உட்கார்ந்து மார்க் போட்டால் என்ன என்று தோன்றியது. ஜப்பானின் ரியோட்டா முராட்டாவை எடுத்துக்கொண்டேன். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் 14-13 என்று ஒரே புள்ளியில் தங்கம் வாங்கியவர். ஏற்றமும் இறக்கமும் நிறையப் பார்த்தவர்.

வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிட்டு, ரவுண்டு முடிந்ததும் ரீப்ளே வருவதற்குள் எழுதிவிட வேண்டும். ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, கீழே விழுந்தால் பெரும்பாலும் 8.

முதலில் 2017 மே மாதம் டோக்கியோவில் ஹசான் என்டாமுடன் நடந்த சண்டை. நாலாவது ரவுண்டில் முராட்டாவின் வலது கை இறங்க, என்டாம் விழுந்தார். அது 10-8, யோசிக்கவே வேண்டாம். தலைவலி மற்ற ரவுண்டுகள்தான். முராட்டா இரண்டு கையையும் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு முன்னால் நடந்துகொண்டே இருப்பார். அடிப்பது குறைவு, பட்டால் இடி. என்டாமோ விலகி விலகி ஜாப் (முன்கையால் போடும் சின்னக் குத்து) தட்டுவார்; பாதி முராட்டாவின் கையுறையில்தான் படும். கையுறையில் பட்டதற்கெல்லாம் நான் மார்க் தரவில்லை. என் தாளில் முராட்டாவுக்குத் தெளிவான வெற்றி. ஒரு நடுவரும் எல்லா ரவுண்டையும் கூட்டி அவருக்கு 117-110 கொடுத்திருந்தார். மற்ற இருவர் 116-111, 115-112 என்று என்டாமை ஜெயிக்கவைத்தார்கள். பிறகு டபிள்யூபிஏ என்ற உலகக் குத்துச்சண்டைச் சங்கம் அந்த இருவரையும் இடைநீக்கம் செய்தது. அக்டோபரில் மறுபடி மோதியபோது ஏழாவது ரவுண்டுக்குப் பிறகு என்டாம் எழுந்து வரவேயில்லை. டபிள்யூபிஏ பட்டம் முராட்டாவுக்கு.

2018-ல் லாஸ் வேகாஸில் ராப் பிராண்டுடன் மோதிய சண்டைக்கு மார்க் போடுவதுதான் வேதனை. அதே நடை, அதே பொறுமை. ஆனால் பிராண்ட் வீசியது 1,200-க்கும் மேற்பட்ட குத்துகள். முராட்டா பக்கம் 9, 9 என்று எழுதிக்கொண்டே போனேன். பிராண்டுக்கு இரண்டு நடுவர்கள் 119-109, ஒருவர் 118-110 கொடுத்தார்கள். இந்தத் தடவை யாரையும் திட்ட வழியில்லை.

அடுத்த ஜூலையில் ஒசாகாவில் அதே பிராண்ட். இப்போது முராட்டா காத்திருக்கவில்லை. வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது ரவுண்டிலேயே மேடையில் இருந்த நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார்; வெற்றி முராட்டாவுக்கு. ஒரு வரிக்கு மேல் எழுத வேலையே இல்லை.

கடைசியாக 2022 ஏப்ரல், ஜப்பானின் சைத்தாமாவில் கஜகஸ்தான் வீரர் கோலோவ்கினுடன் நடந்த சண்டை. ஆரம்ப ரவுண்டுகளில் முராட்டாவின் வயிற்றுக் குத்துகளுக்குத் தாராளமாகவே மார்க் போட்டேன். அப்புறம் கோலோவ்கினின் கை ஓங்கியது. ஒன்பதாவது ரவுண்டில் முராட்டா விழ, போதும், தோல்வியை ஒப்புக்கொள்கிறோம் என்று அவர் தரப்பிலிருந்து துண்டு பறந்து வந்தது. ஜெயித்த கோலோவ்கின் தன் அங்கியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அடுத்து நான் மார்க் போடப்போவது, கோலோவ்கினும் மெக்சிகோவின் கனெலோவும் மோதி 2017-ல் சமனில் முடிந்த சண்டைக்கு. அப்போது என் பக்கத்தில் யாரும் உட்காராமல் இருப்பது நல்லது.