ஒளிரும் சாயம் வைத்து வேரில் இரும்பு பார்த்த அனுபவம்

செடிக்குள் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கேட்டால் பதில் சுலபம். காயவைத்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. கருவியில் கொடுத்தால் எண் வந்துவிடும். என் கைடு கேட்டது வேறு: அந்த இரும்பு எங்கே இருக்கிறது? அதில் எவ்வளவு செல் உடனே எடுத்துக்கொள்ளும்படி தளர்வாக இருக்கிறது? இது வீம்புக்கான கேள்வி இல்லை. 2006-ல் சயின்ஸ் இதழில் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் விதையை எக்ஸ்ரே மூலம் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. இரும்பைக் கடத்தும் புரதத்துக்கான விஐடி1 மரபணு வேலை செய்யாத விதையிலும் மொத்த இரும்பு குறையவில்லை. அது சேரும் இடம்தான் மாறியிருந்தது. அமிலத்தில் கரைத்திருந்தால் இரண்டு விதைக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது. எங்களிடம் அந்த மாதிரி எக்ஸ்ரே வசதி கிடையாது, கான்ஃபோகல் (லேசர் மைக்ரோஸ்கோப்) உண்டு. அதனால் ஒளிரும் ப்ரோப், அதாவது இரும்பைக் கண்டால் ஒளி மாறும் சாயம், பக்கம் போனோம்.

இலையை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டோம். அதில் இரும்பில் பெரும்பங்கு பசுங்கணிகத்தில்தான் இருக்கிறது. அதே இடத்தில் பச்சையமும் 680 நானோமீட்டரை ஒட்டித் தானாகவே சிவப்பாக ஒளிரும். மேலே மெழுகுப் படலம் வேறு, சாயத்தைச் சுலபத்தில் உள்ளே விடாது. நாற்றின் வேரில் இந்தத் தொல்லை குறைவு. மெல்லியது, நிறமில்லாதது, அப்படியே ஸ்லைடில் கிடத்திவிடலாம்.

லேபில் ஏற்கெனவே இருந்தது கால்சீன். பச்சையாக ஒளிரும், இரும்பு வந்து ஒட்டினால் மங்கும். விலங்கு செல்லில் வேலை செய்கிறவர்கள் வெகுநாளாகப் பயன்படுத்துவது. செடிக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. ஓரிடம் இருட்டாகத் தெரிந்தால், அங்கே இரும்பு இருக்கிறதா, சாயமே போய்ச் சேரவில்லையா? போதாக்குறைக்கு அமிலத்திலும் அதன் ஒளி குறையும். தாவர செல்லில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் அமிலத்தன்மைதான். கடைசியில் பைபிரிடில் கொடுத்து இரும்பைப் பிடுங்கி, எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று பார்க்கலாம். அப்போதும் வேருக்கு வேர் சாயம் ஏறும் அளவு மாறிக்கொண்டே இருந்தது.

பிறகு ரோநாக்ஸ்-1 வாங்கினோம். ஜப்பானின் கிஃபு மருந்தியல் பல்கலைக்கழகத்தில் ஹிராயாமா குழுவினர் 2013-ல் வெளியிட்டது. ரோடமின் சாயத்தின் நைட்ரஜன் மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றி ஒளியை அடக்கி வைத்திருக்கிறார்கள். ஃபெரஸ் (Fe²⁺) இரும்பு அந்த ஆக்சிஜனைக் கழற்றியதும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர ஆரம்பிக்கும். 540 நானோமீட்டரில் தூண்டினால் 575 பக்கம் பார்க்கலாம். ஃபெரிக் (Fe³⁺) இரும்புக்கு மசியாது. இருக்கிற இடம் ஒளிர்வதால் பார்ப்பதற்கு எளிது. ஆனால் ஒருமுறை ஒளிர்ந்த மூலக்கூறு திரும்ப அணையாது. இரும்பு குறைந்துகொண்டு வருவதை இதில் பார்க்க முடியாது. அதுவரை சேர்ந்த ஒளிதான் தெரியும்.

பாதி உழைப்பு மைக்ரோஸ்கோப் அறைக்கு வெளியிலேயே போய்விடும். கண்ணாடிப் பாத்திரமெல்லாம் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவேண்டும். பாஸ்பேட் பஃபர் இரும்பைப் படியவைக்கும் என்பதால் அதற்குப் பதில் ஹெப்பெஸ் பஃபர். வேரின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் இரும்பை, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கொண்டு அலசவேண்டும். சோதனைக்கு ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டை அன்றன்றைக்குப் புதிதாக, கொஞ்சம் அமிலம் கலந்த தண்ணீரில் கரைப்போம். அமிலம் விடாமல் வைத்தால், வெளிர் பச்சையாக இருந்த கரைசல் கண் முன்னாலேயே மஞ்சளித்து, துரு நிறத்தில் கலங்கிவிடும். அதற்கப்புறம் அது ஃபெரிக். ப்ரோப் திரும்பிக்கூடப் பார்க்காது. நம்மூரில் மஞ்சளடித்த கடலைக்கு அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) தெளிக்கும்போது சிட்ரிக் அமிலம் கலப்பதிலும் இந்த வேதியியல் உண்டு.

முதல் படம் சாயமே போடாத வேர். இதைத் தவிர்த்துவிட்டு யாராவது அழகான படம் காட்டினால் நான் நம்பமாட்டேன். லிக்னின் என்ற மரப்பொருள் ஏறிய சைலம் (நீர் கடத்தும் குழாய்கள்) சாயமில்லாமலே ஒளிரும். லேசர் அளவும் கெய்னும் (ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) அந்தப் படத்தில் வைத்ததுதான் கடைசி வரை. அடுத்தது இரும்பு நீக்கிய ஊடகத்தில் வளர்ந்த வேர், பிறகு இரும்பு கொடுத்தது, கடைசியில் இரும்பு கொடுத்து, சாயம் போடுவதற்கு முன் பைபிரிடிலில் ஊறவைத்தது.

இந்த நாலாவதுதான் உண்மையைச் சொல்லும். எங்கள் படங்களிலேயே கண்ணைப் பறித்தது, வேரைத் துண்டித்த வெட்டுமுனை. ஆரஞ்சு வளையம் மாதிரி எரிந்தது. பைபிரிடிலில் ஊறிய வேரில் உட்பகுதி ஒளி குறைவாக இருந்தது, வெட்டுமுனை மட்டும் அப்படியே எரிந்தது. சிதைந்த செல்கள் சாயத்தை அள்ளிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். எஃகு பிளேடில் நறுக்குவதால் அந்த முனைக்கு இரும்பும் ஒட்டலாம் என்ற சந்தேகம் வேறு. அதன்பின் வேரை வெட்டுவதையே விட்டுவிட்டு முழு நாற்றையும் ஸ்லைடில் ஏற்றினோம்.

இன்னொரு நாற்றை பெர்ல்ஸ் சாயத்திலும் போடுவோம். 1867-ல் வந்த முறை: பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், ஃபெரிக் இருக்கும் இடம் நீலமாகும். செல் செத்துவிடும், பரவாயில்லை. இரண்டு படமும் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஒன்று ஃபெரஸ், மற்றது ஃபெரிக். ஒத்துப்போகாததை விளக்கச் சொல்லிக் கருத்தரங்கில் கேட்பார்கள், அதற்கு ஐ.சி.பி. எண்ணும் கையில் இருப்பது நல்லது.

விதைக்கு மட்டும் ரோநாக்ஸை எடுப்பதில்லை. உறை தடிமன். கருவைப் பிரித்தெடுத்து, பெர்ல்ஸ் போட்டு, மேலே டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைக் கொடுத்து நிறத்தைக் கூட்டினால் நரம்புத் தடம் பழுப்பாகத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. அந்த வேலைக்குக் கான்ஃபோகலுக்கு முன்பதிவு செய்து காத்திருக்கவும் வேண்டாம், சாதாரண மைக்ரோஸ்கோப் போதும்.