க்ளீன் பண்ணினால் பல் ஆடுமா?

தருமபுரியில் பல் டாக்டராக இருக்கிறேன். "க்ளீன் பண்ணினா பல்லு ஆடிப்போயிருமாமே மேடம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படி ஆயிற்றாம்.

ஆகியிருக்கும், நான் மறுப்பதில்லை. கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கம் உமிழ்நீர் சுரந்து வரும் துவாரத்துக்கு அருகில் இருப்பதால் அங்கேதான் காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கு, அதிகம் படியும். ஈறுக்கு அடியில் அது பல வருஷம் கிடந்தால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துவிடும். அப்புறம் அந்தப் பற்களைச் சேர்த்து நிறுத்தி வைத்திருப்பதே காரைப் பாளம்தான். எடுத்ததும் ஆட்டமும் சந்தும் தெரியவரும், பழி மெஷின் மேல் விழும். அதனால் தொடங்குமுன்பே கண்ணாடியைக் கொடுத்து, விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்லிவிடுவேன். எனாமல் தேயாது, அதிர்வும் தண்ணீரும்தான் காரையைப் பெயர்க்கின்றன.

எங்கள் ஊருக்கே உரிய கேள்வி இன்னொன்று: "இந்தப் பழுப்புக் கறை போகுமா?" பெரும்பாலும் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் வந்து கேட்பார்கள். இங்கே போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு. பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதிலேயே விழுந்த கறை அது, க்ளீனிங்கில் போகாது. லேசாக இருந்தால் மேற்பரப்பைச் சற்றே தேய்த்தும் வெளுக்கவைத்தும் மட்டுப்படுத்தலாம், அழுத்தமாக இருந்தால் மேலே உறை போட வேண்டும். வளர்ந்த பிறகு இந்த ஊருக்கு வந்தவர்களுக்கு இந்தக் கறை வராது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்ததற்கு இந்த ஃபுளோரைடும் ஒரு காரணம்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா? போகாது. இரண்டுக்கும் நரம்பே வேறு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் வர வேண்டுமா என்றால், என் கருத்து வேண்டாம் என்பதே. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு வாயின் நிலையைப் பொறுத்து 3 முதல் 24 மாதம் வரை இடைவெளி சொல்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களையும் புகையிலை போடுபவர்களையும் நான் சீக்கிரம் வரச் சொல்வேன். ஈறு நன்றாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே நினைத்து, "விழுகிற பல்தானே" என்று சொத்தையோடு விட்டுவிடுகிறார்கள். அது விழாது. குழந்தைக்கு 6 வயதானதும் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள்.