வீட்டில் பிரஷர் பார்ப்பவர்களுக்கு

“எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்ற பேச்சு ரத்த அழுத்தத்திடம் செல்லாது. 160/100 இருப்பவருக்குத் தலைவலியோ தலைசுற்றலோ இல்லாமலேயே ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் இதயச் சுவர் தடித்து, சிறுநீரகமும் விழித்திரையும் கெடத் தொடங்கியிருக்கலாம். அளந்தால்தான் தெரியும். தப்பாக அளந்தாலோ, தேவையில்லாத மாத்திரை வரும், இல்லாவிட்டால் தேவையில்லாத நிம்மதி வரும்.

மேல்கையில் கட்டும் கருவியையே வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவியில் கை கொஞ்சம் தாழ்ந்தாலே எண் மாறிவிடும். வாங்கும் முன், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது. 36 செ.மீ. கையில் அதை இழுத்துக் கட்டினால் உள்ளதைவிட அதிகமாகத்தான் காட்டும். அத்தகையவர்கள் பெரிய பட்டையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி, சிகரெட், நடை எதுவும் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள், அதுவும் எண்ணை ஏற்றும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படிய, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கால்மேல் கால் போடக் கூடாது. பட்டை வெறும் கையில், கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்க வேண்டும். கையை மேசைமேல் வைத்துப் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். அதிகம் பிசகுவது இங்கேதான்: கை தொடைமேல் கிடந்து பட்டை 10 செ.மீ. தாழ்ந்தால் 7, 8 புள்ளி ஏறிவிடும். பட்டை இறுகும்போது பேசவும் கூடாது. சீரியல் ஓடும் கூடம் இதற்கு ஏற்ற இடம் அல்ல.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளங்கள். காலையில் மாத்திரைக்கும் பலகாரத்துக்கும் முன்பு, பிறகு மாலையில், இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். மருத்துவமனையில் 140/90 என்றால் உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். வீட்டு அளவில் அந்தக் கோடு 135/85. முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்த்து, கூடுதலாகக் காட்டும் கையையே பிறகு பயன்படுத்துங்கள்.

எண் ஏறியிருந்தால் முதலில் உப்பைக் கணக்கெடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. நாலு பேர் வீட்டுக்கு ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதிலேயே எழுதி வையுங்கள். 25 நாளில் தீர்ந்தால், வடித்த கஞ்சியோடு போனதைக் கழித்தாலும் அதிகம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இந்தக் கணக்கிலேயே வராதவை. இந்துப்புக்கு மாறுவதால் பயனில்லை, அதிலும் இருப்பது சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பு பலருக்கு உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். இதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவர்கள் நிறைய. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கியபின் கணுக்கால் வீங்கினாலோ, எனலாப்ரில் தொடங்கியபின் வறட்டு இருமல் வந்தாலோ நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து உண்டு. எண் இறங்கிவிட்டதே என்று நிறுத்துவது அதைவிடத் தப்பு. அதை இறக்கி வைத்திருப்பதே மாத்திரைதான். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் மூலம் பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வருபவரிடம் உங்கள் ஏழு நாள் குறிப்பையும் காட்டுங்கள்.

180/120-ஐத் தாண்டினால் பதறாமல் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.